பழைய வீடு வாங்கியிருக்கிறோம்: குடியேறும் முன் கேஸ் சாதனங்களில் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

புதுவாசல் (கேள்வி)

வணக்கம். கட்டி இருபது ஆண்டுகள் கடந்த ஒரு வீட்டை வாங்கியிருக்கிறோம். சாவி கைக்கு வந்து ஐந்து நாட்கள் ஆகின்றன. சாமான்கள் இன்னும் வந்து சேரவில்லை. இதுவரை வாடகை வீடுகளிலேயே இருந்துவிட்டதால், அடுப்பைப் பற்றவைப்பதையும் அணைப்பதையும் தவிர கேஸ் இணைப்பைப் பற்றி எங்களுக்கு வேறொன்றும் தெரியாது. ஏதாவது பழுதென்றால் வீட்டு உரிமையாளரிடம் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவோம். இப்போது அந்த உரிமையாளர் நாங்களே.

வீட்டில் மூன்று கேஸ் சாதனங்கள் இருக்கின்றன: சமையலறையில் நான்கு பர்னர் அடுப்பு, குளியலறைச் சுவரில் உடனுக்குடன் வெந்நீர் தரும் கேஸ் கீசர், கூடத்தில் பல ஆண்டுகளாக யாரும் தொடாத ஒரு கேஸ் ரூம் ஹீட்டர். முதலில் சிலிண்டரில் ஓடிய வீடு இது. பிற்பாடு குழாய் இணைப்புக்கு மாற்றியிருக்கிறார்கள், மீட்டர் வெளிச்சுவரில் இருக்கிறது. வாங்கும் முன் வீட்டைப் பார்வையிட்ட பொறியாளர் சுவர், கூரை, மின்கம்பி என்று பன்னிரண்டு பக்கங்களுக்கு அறிக்கை கொடுத்தார். கேஸைப் பற்றி அதில் 'இயங்குகிறது' என்ற ஒரு சொல்தான் இருந்தது.

நானாகச் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். எல்லா இணைப்புகளுக்கு அருகிலும் முகர்ந்து பார்த்தேன். வாடை எதுவும் இல்லை. அடுப்பில் நான்கு பர்னர்களும் எரிகின்றன. ஆனால் இரண்டில் சுடர் குட்டையாக இருக்கிறது, சிம்மில் வைத்தால் அணைந்துவிடுகிறது. கீசரும் வேலை செய்கிறது. அதன் சுடர் நுனியில் மட்டும் மஞ்சளாகத் தெரிகிறது, மேல்மூடியில் கொஞ்சம் கரி படிந்திருக்கிறது. நேற்று என் மனைவி குளியலறையை வெந்நீர் விட்டு அரை மணி நேரம் தேய்த்துக் கழுவினார். வெளியே வந்தபோது கடுமையான தலைவலி, குமட்டலும் இருந்தது. பழைய வீட்டுத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறோம்.

வாடை வரவில்லை என்றால் குடியேறலாமா? எதையெல்லாம் நானே பார்க்கலாம், எதற்கு மெக்கானிக்கை அழைக்க வேண்டும், அவரிடம் என்னவென்று கேட்க வேண்டும் என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஸ்பேனர்

முதல் வேலையாகக் கீசருக்குப் போகும் வால்வை மூடுங்கள். மற்றதையெல்லாம் அதன் பிறகு படித்துக்கொள்ளலாம்.

கேஸ் சாதனங்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதுமாக நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்தத் தலைவலிதான் இந்தப் பதிவிலேயே முக்கியமான செய்தி. மஞ்சள் நுனி, மூடியில் கரி, சிறிய அறை, அரை மணி நேரம், தலைவலியோடு குமட்டல். இவை அத்தனையும் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன. தூசியாகவும் இருக்கலாம், ஆனால் தூசி என்று முடிவுகட்டும் முன் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு இல்லை என்பதை நிரூபிக்க வேண்டும். உங்கள் மனைவிக்குத் தலைவலி இன்னும் மிச்சமிருந்தால் மருத்துவரிடம் போய், கேஸ் கீசர் எரிந்த அறையில் இருந்ததையும் மறக்காமல் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். கார்பன் மோனாக்சைடு பற்றிய இரத்தத்துக்கும் ஆக்சிஜன் பற்றிய இரத்தத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது, இரண்டையும் சேர்த்து நல்ல எண்ணாகவே காட்டும்.

வாடையைப் பற்றிக் கேட்டீர்கள். எரியாமல் வெளியேறும் கேஸுக்குத்தான் வாடை உண்டு. அரைகுறையாக எரிந்த கேஸிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, கண்ணையும் உறுத்தாது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும் வாயு அது. நல்ல காற்றுக்கு வந்த பிறகும் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். வெளியே வந்தால் தலைவலி தெளிவதும், வீட்டுக்குள் இருக்கும் பலருக்கு ஒரே நேரத்தில் தலை சுற்றுவதும் அதன் அடையாளங்கள்.

இது எதனால் உண்டாகிறது என்பதை ஒரு சின்னக் கணக்கில் காட்டலாம். ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு முழுமையாக எரிய ஏறத்தாழ 10 கன மீட்டர் காற்று வேண்டும். நடுத்தரக் கீசர் ஒன்று முழு வேகத்தில் மணிக்கு 2 கன மீட்டர் கேஸை எரிக்கும் என்று வைத்துக்கொண்டால், அதற்கு மணிக்கு 20 கன மீட்டர் காற்று தேவை. இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரமுள்ள குளியலறையில் இருக்கும் மொத்தக் காற்றே ஏழரை கன மீட்டர்தான். கதவும் சன்னலும் சாத்தியிருந்து, வெளிக்காற்று வரத் துளையும் இல்லாவிட்டால், கால் மணி நேரத்துக்குள்ளாகவே அறைக்காற்று கெட்டுச் சுடர் திணறத் தொடங்கிவிடும். மனிதருக்கும் அதே காற்றுதான்.

ஆகவே மெக்கானிக் வரும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தக் கீசர் காற்றை எங்கிருந்து எடுக்கிறது, புகையை எங்கே விடுகிறது என்பதே. வெளிக்காற்றைக் குழாய் வழியாக எடுத்துக் குழாய் வழியாகவே வெளியே விடும் மூடிய வகையா, அறைக்காற்றை எடுக்கும் திறந்த வகையா என்று பாருங்கள். சில நாடுகளின் விதிகள் திறந்த வகையைக் குளியலறையில் பொருத்தவே இடம் தருவதில்லை. புகைக்குழாய் இருந்தால், அது உண்மையிலேயே வெளிச்சுவரைத் தாண்டிப் போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பொய்க்கூரைக்கு மேலே சென்று அங்கேயே முடிந்துவிட்ட குழாயை நான் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் கண்டிருக்கிறேன். பறவைக்கூடு அடைத்திருப்பதும் சாதாரணமாக நடப்பதுதான்.

புகை சரியாக வெளியேறுகிறதா என்பதை மெக்கானிக் ஒரு எளிய சோதனையில் பார்ப்பார். கசிவு இல்லை என்று உறுதியான பின், கதவு சன்னல்களைச் சாத்தி, வீட்டிலுள்ள எக்ஸாஸ்ட் ஃபேன்களை எல்லாம் ஓடவிட்டு, கீசரைச் சில நிமிடங்கள் எரியவைத்து, அதன் புகை வாய்க்கு அருகில் ஒரு புகைக்குச்சியைக் காட்டுவார். புகை உள்ளே இழுக்கப்பட்டால் நல்லது. அறைப்பக்கம் திரும்பி முகத்தில் அடித்தால் அந்தக் கீசரைப் பயன்படுத்தக் கூடாது. ஃபேனை ஓடவிடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: சமையலறை ஃபேன் வீட்டுக் காற்றை வெளியே தள்ளும்போது, அதை ஈடுகட்ட வெளிக்காற்று கீசரின் புகைக்குழாய் வழியாகத் தலைகீழாக இறங்கி, புகையையும் கூட்டிக்கொண்டு வந்துவிடும். இந்தச் சோதனையை நீங்களாகச் செய்ய வேண்டாம். அவர் செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கையில் புகைக்குச்சியோ அளவிடும் கருவியோ இல்லாமல், 'நல்லாத்தான் எரியுது' என்று கையெழுத்துப் போடுபவராக இருந்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.

நீலச்சுடர்

கீசரைப் பற்றி ஸ்பேனர் எழுதியதோடு முழுமையாக உடன்படுகிறேன். அடுப்பைப் பற்றி ஒரு சந்தேகம் எழுகிறது. சிலிண்டரிலிருந்து குழாய் இணைப்புக்கு மாறிய வீடு என்கிறீர்கள். இரண்டு பர்னர்களில் மட்டும் சுடர் குட்டை என்கிறீர்கள். ஜெட் மாற்றாமல் விட்டிருக்கலாம்.

ஒவ்வொரு பர்னருக்கும் கீழே, கேஸ் வெளிவரும் ஊசித்துளை கொண்ட சிறு பித்தளைத் திருகு ஒன்று இருக்கும். அதைத்தான் ஜெட் அல்லது நாசில் என்கிறோம். சிலிண்டர் கேஸான எல்பிஜி, அதே கன அளவில் இயற்கை எரிவாயுவைவிட இரண்டரை மடங்கு அளவுக்கு வெப்பம் தருவது, அழுத்தமும் கூடுதல். அதனால் எல்பிஜிக்கான ஜெட்டின் துளை சிறியது. அதே ஜெட்டை வைத்துக்கொண்டு குழாய் கேஸில் ஓட்டினால் சுடர் நோஞ்சானாக இருக்கும், சிம்மில் அணையும். இதன் மறுதலைதான் ஆபத்து: குழாய் கேஸுக்கான பெரிய ஜெட்டில் சிலிண்டர் கேஸ் வந்தால் சுடர் நீண்டு மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியெல்லாம் கரியாகி, கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து வரும். உங்கள் அடுப்பில் இருப்பது முதல் வகைக் கோளாறாகத் தோன்றுகிறது. ஜெட்டின் தலையில் துளையின் அளவு எண்ணாகப் பொறித்திருக்கும். நான்கையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். துளையைப் பெரிதாக்குகிறேன் என்று ஊசியை விட்டுக் குடைபவரை மட்டும் பக்கத்தில் விடாதீர்கள். கீசரையும் முறையாக மாற்றினார்களா என்று அதே கையோடு பார்த்துவிடலாம். அதன் உடலில் ஒட்டியுள்ள தகட்டில் எந்த வாயுவுக்கானது, எந்த அழுத்தத்துக்கானது என்று இருக்கும்.

சிம்மில் அணைகிறது என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. சுடர் அணைந்தால் கேஸைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பு அமைப்பு உங்கள் அடுப்பில் இருக்கிறதா? பர்னரின் ஓரத்தில் தீப்பொறி போடும் முனையைத் தவிர இன்னொரு சிறு உலோகக் குச்சி நீட்டிக்கொண்டிருந்தால் அது தெர்மோகப்பிள். சுடரின் சூட்டில் அது உண்டாக்கும் சில மில்லிவோல்ட் மின்சாரம்தான் உள்ளே காந்த வால்வைத் திறந்து பிடித்திருக்கும். சுடர் அணைந்து குச்சி ஆறினால் பிடி விட்டுப்போய் வால்வு மூடிக்கொள்ளும். நாபை அழுத்திப் பற்றவைத்த பின் சில நொடிகள் பிடித்திருக்கச் சொல்வது இதற்காகத்தான். அடுப்பை அணைத்தபின் சற்று நேரத்தில் 'டக்' என்று ஒரு ஓசை கேட்டால் அது உயிரோடு இருக்கிறது என்று பொருள். பழைய அடுப்புகள் பலவற்றில் இந்த அமைப்பே கிடையாது; அப்படியானால் சிம்மில் சுடர் அணைவது வெறும் தொந்தரவு மட்டுமல்ல, சத்தமில்லாத கசிவும்கூட.

மாடிப்படி

மேலே இருவரும் சாதனங்களைப் பற்றிச் சொல்லிவிட்டதால் நான் குழாயைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். புதிதாக வீடு வாங்குபவர்கள் பொதுவாகக் கோட்டைவிடும் இடம், பயன்படாத குழாயின் முனை. முன்பிருந்தவர் தன் ஓவனையோ ஹீட்டரையோ கழற்றி எடுத்துக்கொண்டு போயிருப்பார். குழாய் முனையில் ஒரு வால்வு மட்டும் மூடியபடி இருக்கும். வால்வின் கைப்பிடியைக் குழந்தையோ, பின்னால் நகர்த்தும் அலமாரியோ தட்டிவிட்டால் போதும். அத்தகைய முனை ஒவ்வொன்றிலும் மரையிட்ட மூடி போட்டு இறுக்கியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே, பழைய துணிக்குப் பின்னால், இப்படி ஒரு முனையைக் குடியேறி எட்டு மாதம் கழித்துத்தான் பார்த்தோம். அதற்கு இருந்த மூடி, சுற்றிக் கட்டிய ஒரு பிளாஸ்டிக் பை.

கசிவுச் சோதனைக்கு மூக்கை நம்பாதீர்கள். ஒரே வாடையை முகர்ந்துகொண்டே இருந்தால் சில நிமிடங்களில் மூக்கு பழகிவிடும். சளி பிடித்தவருக்கும் வயதானவருக்கும் தொடக்கத்திலேயே தெரியாது. எரிவாயுவுக்கு இயல்பில் வாடை இல்லை, நாம்தான் சேர்க்கிறோம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1937 மார்ச் மாதம் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளியில், கட்டடத்துக்கு அடியில் தேங்கியிருந்த வாடையற்ற எரிவாயு வெடித்து முந்நூறு பேர் அளவுக்கு இறந்தார்கள், பெரும்பாலும் மாணவர்கள். அதன் பிறகே வாடை சேர்ப்பது சட்டமானது. காற்றில் 5 விழுக்காட்டை எட்டினால்தான் மீத்தேன் பற்றும். 1 விழுக்காடு இருக்கும்போதே மனித மூக்குக்குத் தெரிய வேண்டும் என்ற கணக்கில் வாடைப்பொருளைக் கலக்கிறார்கள்.

நீங்களே செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, மீட்டர் சோதனை: எல்லாச் சாதனங்களையும், எரிந்துகொண்டே இருக்கும் பைலட் சுடர் இருந்தால் அதையும் அணைத்துவிட்டு, மீட்டரின் கடைசி இலக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் படம் எடுத்து ஒப்பிடுங்கள். எண் நகர்ந்திருந்தால் மீட்டருக்கு இப்பால் எங்கோ கேஸ் போகிறது. மெயின் வால்வை மூடிவிட்டு உடனே கேஸ் நிறுவனத்தைக் கூப்பிட வேண்டியதுதான். எண் நகரவில்லை என்பதை வைத்து எல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது, நுண்ணிய கசிவை மெக்கானிக்கின் அழுத்தமானிதான் காட்டும். இரண்டு, சோப்பு நுரை: பாத்திரம் துலக்கும் திரவத்தைத் தண்ணீரில் கரைத்து, சிறு தூரிகையால் ஒவ்வொரு இணைப்பிலும் வால்வின் கழுத்திலும் தடவி, ஒரு நிமிடம் பொறுமையாகப் பாருங்கள். கசிவு இருந்தால் குமிழ் வந்து பெரிதாகிக்கொண்டே போகும். தீக்குச்சியைக் கிழித்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது என்பதால் சொல்கிறேன், அதைச் செய்யவே கூடாது.

அடுப்புக்குப் பின்னால் ரப்பர் குழாய் இருந்தால் அதில் அச்சிட்டுள்ள ஆண்டைப் படியுங்கள். படிக்க முடியாத அளவுக்கு அழிந்திருந்தால் அதுவே பதில், மாற்றிவிடுங்கள். வளைத்துப் பார்க்கும்போது மேலே மெல்லிய கீறல்கள் விரிந்தாலும் அப்படியே.

அலாரத்தைப் பற்றி: கேஸ் கசிவு அலாரத்தைத் தரையோரம் பொருத்துங்கள்.

ஸ்பேனர்

மாடிப்படி சொன்னதில் கடைசி வரியை மட்டும் திருத்த வேண்டும். எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது, தரையில் தவழும், பள்ளத்திலும் சாக்கடைத் துளையிலும் தேங்கும். அதற்கு அலாரம் தரையோரம். குழாயில் வரும் இயற்கை எரிவாயு காற்றில் பாதிக்குச் சற்றே கூடுதலான எடைதான், மேலே ஏறும். அதற்கு அலாரம் கூரையோரம். தரையோரம் வைத்தால் அது கடைசியில்தான் கத்தும். இதில் ஒரு சிக்கலும் உண்டு: குழாயில் வருவதெல்லாம் இயற்கை எரிவாயு என்று எடுத்துக்கொள்ள முடியாது. சில குடியிருப்புகளில் ஒரு மூலையில் பெரிய சிலிண்டர்களை வரிசையாக வைத்து, அங்கிருந்து வீடுகளுக்கு எல்பிஜியையே குழாயில் அனுப்புவார்கள். உங்களுடையது எது என்பதைக் கேஸ் ரசீதைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் தனிச்சாதனம். கேஸ் கசிவு அலாரம் அதன் வேலையைச் செய்யாது. அந்த வாயுவின் எடை ஏறக்குறைய காற்றின் எடையே என்பதால் அது எங்கும் கலந்து நிற்கும். அலாரத்தோடு வரும் தாளில் சொன்ன உயரத்திலும் தூரத்திலும் பொருத்துங்கள். தூங்கும் அறையில் கேட்கும்படியாக இருக்க வேண்டும். அதன் உணரிக்கு ஆயுள் உண்டு; பின்புறத்தில் மாற்ற வேண்டிய தேதி இருக்கும். டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் கத்துவது பேட்டரியும் ஒலிப்பானும் நன்றாக இருப்பதைத்தான் காட்டும், காலாவதியான உணரியைக் காட்டாது.

புதுவாசல்

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அன்றே கீசரை மூடிவிட்டோம். மனைவிக்கு மறுநாள் தலைவலி இல்லை. இருந்தாலும் மருத்துவரைப் பார்த்தோம், பயப்பட ஒன்றுமில்லை என்றார். மீட்டர் ஒரு மணி நேரத்தில் நகரவில்லை. சோப்பு நுரையில் ரூம் ஹீட்டரின் வால்வுக் கழுத்தில் மட்டும் குமிழ் வந்தது, மிளகளவு, மெல்ல மெல்லப் பெரிதாகி உடைந்தது. அதைப் பார்த்த பிறகு மெயின் வால்வையே மூடிவிட்டு உரிமம் பெற்ற மெக்கானிக்கை அழைத்தோம்.

அவர் வந்ததும் கீசரைத் தொடவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திவிட்டுச் சுவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு மூலையில் தட்டினார், பொள்ளென்று சத்தம் கேட்டது. காற்றுத்துளையின் மேல் அட்டை ஒட்டி, அதன்மேல் சுவரோடு சுவராக வண்ணம் அடித்திருக்கிறார்கள். குளிர்காற்று வருகிறதென்று செய்திருப்பார்கள் போலும். அதை வெட்டி எடுத்த பின், புகைக்குச்சியைக் காட்டியபோது புகை அப்போதும் அறைப்பக்கமே திரும்பியது. வெளியே ஏணி வைத்துப் பார்த்ததில் புகைக்குழாயின் வாய் முக்கால்வாசி கூட்டுச் சுள்ளியால் அடைந்திருந்தது. கீசருக்குச் சிவப்பு அட்டை கட்டி இணைப்பைக் கழற்றி மூடி போட்டுவிட்டார். சுத்தம் செய்து ஓட்டலாமா என்று கேட்டேன். இந்த வகையைக் குளியலறைக்குள் தன்னால் மறுபடியும் பொருத்த முடியாது, மூடிய வகை வாங்குங்கள் என்றார்.

அடுப்பில் நீலச்சுடர் சொன்னதேதான். இரண்டு ஜெட்கள் பழையவை, அவற்றில் இருந்த எண் வேறு. மாற்றியதும் நான்கு சுடரும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. ரூம் ஹீட்டரை முழுதாக எடுத்துவிட்டோம். முனைக்குப் பித்தளை மூடி.

ஒரு சிறு சந்தேகம் மட்டும் பாக்கி. மீட்டருக்குப் பக்கத்திலுள்ள மெயின் வால்வை நான் எப்படியோ மூடிவிட்டேன், மறுபடியும் திறப்பதற்கு மெக்கானிக்கே ரெஞ்ச் போட வேண்டியிருந்தது. அவசரத்துக்கு என் மனைவியால் அதைத் திருப்பவே முடியாது. எண்ணெய் போட்டு இளக்கலாமா?

ஸ்பேனர்

எண்ணெய் போட வேண்டாம். நீங்களாக ரெஞ்ச் போட்டும் திருகாதீர்கள், உள்ளே கசிவைத் தடுக்கும் சீல் கெட்டுத் தண்டைச் சுற்றிக் கசியத் தொடங்கும். மீட்டருக்கு முன்னால் இருக்கும் வால்வு பெரும்பாலும் கேஸ் நிறுவனத்துக்குச் சொந்தமானது, அவர்களைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள். புதிதாக வைப்பது கால்பங்குச் சுற்றில் மூடும் வகையாக இருக்கட்டும்: கைப்பிடி குழாயோடு ஒரே கோட்டில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. அந்த வேலை முடிந்ததும் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒருமுறை தங்கள் கையாலேயே மூடித் திறந்து பார்க்க வேண்டும். திறந்தபின் பைலட் சுடர் உள்ள சாதனம் எதுவும் அணைந்துபோய்க் கிடக்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருவேளை வீட்டுக்குள் கேஸ் வாடை பலமாக அடித்தால் மின்சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலுமே பொறி உண்டு. போகிற வழியில் கைக்கு எட்டும் கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியேறுங்கள். உங்கள் மீட்டர் வெளிச்சுவரில் இருப்பது நல்லதாகப் போயிற்று, வால்வை வெளியே வந்த பிறகு மூடிக்கொள்ளலாம். தொலைபேசியில் பேசுவதும் வெளியே வந்த பிறகுதான். கேஸ் நிறுவனத்தின் அவசர எண்ணை மீட்டர் பெட்டியின் கதவு உள்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.